பாறை வளைவுகளைப் படம் பிடித்தல்: ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குப் போகும் குடும்பங்களுக்கு

கடந்த ஒக்ரோபர் மாத நன்றி நவிலல் விடுமுறையில் நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். மூன்று நாட்கள் நடந்தோம். அறுநூறுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தேன். ரொறன்ரோ திரும்பி ஒரு மாதம் கழிந்த பின் மகள் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "அப்பா, இது எந்த வளைவு? எங்க நிண்டு எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கமராவில் இருப்பிடம் பதிவாகவில்லை. அதன் மணிக்கூட்டையும் நான் மாற்றவில்லை. ரொறன்ரோ நேரத்திலேயே ஓடியதால் சூரியன் மறைந்த படங்களெல்லாம் இரவு ஒன்பது மணியளவில் எடுத்தவைபோல் காட்டின.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். திகதியும் விபரமும் இல்லாத பற்றுச்சீட்டை யார் கொண்டுவந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது என்னிடமே அப்படி அறுநூறு சேர்ந்திருந்தன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு அல்பங்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டன. அதற்கு முந்திய படங்களில் இன்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அம்மாவின் கைப்பைக்குள் கிடந்து வந்தது. சுன்னாகத்தில் ஐயாவின் கடை வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஐயா. மற்றவர் யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஐயா இப்போது இல்லை. படத்தின் பின்பக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டு விடயங்களை எழுதுகிறேன். ஒன்று, அந்தப் பாலைவனப் பாறைகளை எப்போது, எங்கே நின்று, எப்படிப் படம் பிடிப்பது. மற்றது, எடுத்த படத்தைக் காலம் கடந்தும் பேச வைப்பது எப்படி.

பூங்கா எங்கே இருக்கிறது

ஆர்ச்சஸ் பூங்கா யூட்டாவின் கிழக்குப் பகுதியில், மோவாப் என்ற சிறு நகரத்திலிருந்து 8 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. சால்ட் லேக் சிற்றி விமான நிலையத்தில் இறங்கி வாகனம் வாடகைக்கு எடுத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேர ஓட்டம். 1929 ஏப்ரலில் ஜனாதிபதி ஹேர்பேர்ட் ஹூவர் இதைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்தார். 1971 நவம்பரில் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 310 சதுர கிலோமீற்றர். அதற்குள் 2000 இற்கும் அதிகமான இயற்கை வளைவுகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. துவாரம் ஏதாவது ஒரு பக்கமாக 3 அடியாவது இருந்தால்தான் அது வளைவு என்று பதிவேட்டில் சேரும்.

மார்ச் முதல் மே வரையும், செப்ரெம்பரும் ஒக்ரோபரும் நல்ல காலம். கோடையில் வெப்பம் 38 பாகையைத் தாண்டும். நுழைவுக் கட்டணமும் முன்பதிவு விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் புறப்படமுன் பூங்காச் சேவையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். கனடாவில் அகதிப் பயண ஆவணத்தோடு இருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். விமானச் சீட்டு வாங்க முன்னர் அந்த அலுவலை முடித்துக்கொள்ளுங்கள்.

பாறை எப்படி வளைவானது

இதைத் தெரிந்துகொண்டு போனால் கமராவை எங்கே திருப்புவது என்பதும் தெரியவரும்.

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடல் பல தடவை வந்து வற்றியது. வற்றிய உப்பு, சில இடங்களில் ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்பில் படிந்தது. அதற்கு மேல் மணலும் மண்ணும் குவிந்து, காலப்போக்கில் மணற்கல்லாக இறுகின. நாம் இன்று காணும் வளைவுகளிற் பெரும்பாலானவை யுராசிக் காலத்து என்ட்ராடா மணற்கல்லில் அமைந்தவை. உப்பு பாரத்தைத் தாங்காது. பிசைந்த மாவைப்போல மெல்ல மெல்ல ஒதுங்கும். கீழே உப்பு அசைய, மேலே கிடந்த பாறை வளைந்து, வரிசை வரிசையாக வெடித்தது. வெடிப்புகளை மழைநீர் அரித்து அகலமாக்க, இடையில் நின்றவை மெல்லிய மதில்களாக மிஞ்சின.

மணலை ஒட்டவைத்திருப்பது கல்சியம் காபனேற்று. மழைநீரில் கலந்திருக்கும் மெல்லிய காபோனிக் அமிலம் அந்தப் பசையைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் வெடிப்புக்குள் நிற்கும் நீர் உறைந்து பருத்துக் கல்லைப் பெயர்க்கிறது. மதிலின் அடிப்பக்கம் முதலில் பறிபோகும். மேற்பக்கம் தாங்கி நின்றால் அது வளைவு. தாங்காவிட்டால் கற்குவியல். சிவப்பு நிறம் இரும்பு ஒட்சைட்டால் வருவது.

ஒரு கட்டடம் போல இதற்கும் பெறுமானத்தேய்வு உண்டு. ஆனால் எந்த ஆண்டு ஏட்டுப் பெறுமதி பூச்சியமாகும் என்று எந்தக் கணக்காளனாலும் எழுத முடியாது.

எந்த வளைவு, எந்த நேரம்

பாறையைப் படம் பிடிப்பவருக்கு முதல் விதி: வெயில் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பாருங்கள். உச்சி வெயிலில் சிவப்புக் கல் வெளிறிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் ஒளி சாய்வாக விழுவதால் கல்லின் வரிகளும் குழிகளும் எழுந்து தெரியும்.

காலையில்: லாண்ட்ஸ்கேப் ஆர்ச், டரட் ஆர்ச், டபிள் ஆர்ச். லாண்ட்ஸ்கேப் ஆர்ச் டெவில்ஸ் கார்டன் பகுதியில் இருக்கிறது. போய்வர ஏறத்தாழ 3 கிலோமீற்றர், பெரிய ஏற்றமில்லாத நடை. வளைவின் நீளம் சுமார் 90 மீற்றர். உலகிலேயே மிக நீண்ட இயற்கை வளைவுகளில் ஒன்று. மிக மெல்லிய இடத்தில் தடிப்பு சுமார் 2 மீற்றர்தான். பின்னால் உயர்ந்த பாறை இருப்பதால் பலரது படங்களில் வளைவு பாறையோடு கலந்துபோகிறது. ஒரு பக்கமாக நகர்ந்து, வளைவின் பெரும்பகுதிக்குப் பின்னால் வானம் வரும்படி நின்று எடுங்கள்.

மாலையில்: டெலிக்கேட் ஆர்ச், வடக்கு ஜன்னல், தெற்கு ஜன்னல், ஸ்கைலைன் ஆர்ச். பலன்ஸ்ட் ரொக் என்ற, பீடத்தின் மேல் ஒரு பெருங்கல் குந்தியிருப்பது போன்ற பாறை இரண்டு வேளையும் நன்றாக வரும். அதன் முழு உயரம் 39 மீற்றர். மேலேயுள்ள கல் மட்டும் 17 மீற்றர்.

டெலிக்கேட் ஆர்ச்தான் யூட்டா மாநில வாகன இலக்கத் தகட்டில் இருக்கும் வளைவு. 2002 குளிர்கால ஒலிம்பிக் தீபமும் அதனடியால் போனது. துவாரத்தின் உயரம் 14 மீற்றர். போய்வர 4.8 கிலோமீற்றர், 146 மீற்றர் ஏற்றம். வழியில் நிழல் இல்லை. வழுவழுப்பான வெறும் பாறையில் நீண்ட தூரம் ஏறவேண்டும். கடைசியில் ஒரு பாறை விளிம்பைச் சுற்றித் திரும்பியதும் வளைவு முன்னால் நிற்கும். ஒக்ரோபர் நடுப்பகுதியில் மாலை 7 மணிக்குச் சற்று முன் சூரியன் மறைகிறது. ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே மேலே இருந்தால் இடம் பிடிக்கலாம். வளைவுக்குப் பின்னால் லா சால் மலைகள் தெரியும். ஸ்பானிய மொழியில் 'சால்' என்றால் உப்பு. இளவேனிலில் அந்த மலைகளில் பனி இருக்கும். சிவப்பு வளைவும் வெள்ளை மலையும் ஒரே சட்டகத்துக்குள் வரும். இறங்கும்போது இருட்டிவிடும். ஆளுக்கொரு நெற்றி விளக்கு கொண்டுபோங்கள்.

அந்தப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பழைய மரக் குடில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலில் காயப்பட்ட ஜோன் வெஸ்லி வோல்ஃப் என்பவர் 1898 இல் ஓஹையோவிலிருந்து வந்து அங்கே குடியேறினார். 1906 இல் மகள் தன் குடும்பத்தோடு வந்து, தகப்பன் இருந்த நிலையைக் கண்டு திகைத்ததால் இந்தப் புதுக் குடிலைப் பலகைத் தரையோடு கட்டிக் கொடுத்தார். 1910 இல் எல்லோரும் ஓஹையோவுக்கே திரும்பிவிட்டார்கள். "அவையளுக்குத் திரும்பிப் போக ஊர் இருந்திருக்கு" என்றார் மனைவி. சற்றுத் தள்ளி யூட் பழங்குடியினர் கல்லில் செதுக்கிய குதிரைகளும் காட்டாடுகளும் இருக்கின்றன. 1650 இற்கும் 1850 இற்கும் இடைப்பட்டவை. இரண்டையும் பலர் பாராமலே கடந்து போகிறார்கள். தவறவிடாதீர்கள்.

நடக்க முடியாத பெரியவர்களோடு போவோர்: பலன்ஸ்ட் ரொக்கைச் சுற்றி அரைக் கிலோமீற்றர்தான். டபிள் ஆர்ச்சுக்குப் போய்வர ஒரு கிலோமீற்றருக்குள். டெலிக்கேட் ஆர்ச்சைக் கீழிருந்து பார்க்கும் இடம் வாகனத் தரிப்பிடத்திலிருந்து நூறு மீற்றருக்குள். ஆனால் வளைவு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும். தூரத்தைக் கிட்டவாக்கும் வில்லை இல்லாவிட்டால் படம் சிறிதாகத்தான் வரும்.

கமராவும் கைபேசியும்

கமரா வைத்திருப்போர் ஐஎஸ்ஓ 100, அப்பேர்ச்சர் எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்தால் முன்னால் கிடக்கும் கல்லும் பின்னால் நிற்கும் வளைவும் தெளிவாக விழும். வெளிச்சம் குறைந்ததும் முக்காலி வேண்டும். வைட் பலன்ஸை 'ஓட்டோ'வில் விடாதீர்கள். கமரா சிவப்பைக் குறை என்று எண்ணித் திருத்திவிடும். 'பகல் வெளிச்சம்' என்ற நிலையில் வையுங்கள். நான் முதல் நாள் எடுத்த படங்களில் பாறை சாம்பல் கலந்த மண்ணிறமாக வந்தது இதனால்தான்.

வானம் மிகவும் வெளிச்சம், பாறையின் உட்பக்கம் இருட்டு. இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது கடினம். வானம் வெளிறாதபடி எடுத்தால் இருட்டைப் பிறகு கணினியில் தூக்கலாம். வெளிறிய வானத்தை மீட்க முடியாது. கைபேசியில் எச்.டி.ஆர். வசதி இதை ஓரளவு தானாகவே செய்கிறது. திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் இன்னும் நன்று.

நடுப்பகலில் கமராவை மூடி வைக்கத் தேவையில்லை. டபிள் ஆர்ச் போன்ற இடங்களில், எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலிலுள்ள கல்லைத் தோடம்பழ நிறத்தில் ஒளிர வைக்கும். வெயில் விழும் பகுதியை விட்டுவிட்டு நிழற்பகுதியை மட்டும் சட்டகத்துக்குள் எடுங்கள். 34 மீற்றர் உயரமான அந்த வளைவின் கீழ் பிள்ளையை நிறுத்தினால்தான் அதன் பருமன் பார்ப்பவருக்கு விளங்கும்.

எங்கள் குடும்பப் படங்களில் வழமையாக வரும் குறை ஒன்றைச் சொல்கிறேன். வெளிச்சமான வானத்தையும் பாறையையும் பார்த்துக் கமரா அளவெடுப்பதால் எங்கள் முகங்கள் கறுத்துப் போய்ப் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். கைபேசியில் முகத்தைத் தொட்டு அளவெடுக்க வையுங்கள். அல்லது முகத்தில் மாலை வெயில் விழும்படி ஆட்களைத் திருப்பி நிறுத்துங்கள். பாறைக்குத் தனிப் படம், ஆளுக்குத் தனிப் படம் என்று எடுத்தாலும் பிழையில்லை.

காற்று வீசும்போது வில்லையைக் கழற்றாதீர்கள். மணல் உள்ளே போனால் திருத்தச் செலவு கூட.

தண்ணீர், மண், கல்

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் தண்ணீர் என்று கணக்கிடுங்கள். டெலிக்கேட் ஆர்ச் ஏற்றத்துக்கு மட்டும் 2 லீற்றர். கமராப் பையின் பாரத்தைக் குறைக்கத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். வில்லையைக் குறையுங்கள்.

பாதையை விட்டு விலகி நல்ல கோணம் தேடுவது படம் பிடிப்பவரின் பெரிய ஆசை. அங்கே மண்ணின் மேல் கறுப்பாய்ப் பொருக்குத் தட்டியதுபோல் ஒன்று தெரியும். நுண்ணுயிர்களும் பாசியும் இலைக்கன்களும் சேர்ந்து வளர்ந்த உயிருள்ள தோல் அது. மணல் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதும் ஈரத்தைச் சேமிப்பதும் அதுதான். ஒரு தடவை மிதித்தால் மீள வளரப் பல பத்தாண்டுகள் எடுக்கும். வெறும் பாறையிலோ, நீர் ஓடிய மணற்படுகையிலோ, போட்ட பாதையிலோ மட்டும் கால் வையுங்கள். என் மகனை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு தடவை அவன் என்னைக் கூப்பிட்டான்.

ட்ரோன் பறக்கவிடுவது 2014 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தடை. கல்லில் பெயர் எழுதுவதும் கீறுவதும் குற்றம். 2000 ஆம் ஆண்டு ஒரு தொழில்முறைப் படப்பிடிப்பாளர் இரவுப் படத்துக்கு வெளிச்சம் வேண்டி டெலிக்கேட் ஆர்ச்சின் அடியில் தட்டுகளில் நெருப்பு மூட்டினார். கல்லில் கறை படிந்தது. வழக்கு வந்து, நட்ட ஈடும் கட்டினார். படம் அழகாக வந்திருக்கலாம். ஆனால் கல்லுக்கு அதனால் ஏற்பட்டது நட்டமே.

விழுந்தவை

லாண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்குக் கீழே முன்பு ஆட்கள் போய் இருக்கலாம். 1991 செப்ரெம்பர் 1 ஆம் திகதி அடியில் இருந்தவர்களுக்கு மேலே கல் வெடிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் எழுந்து விலக, 18 மீற்றர் நீளமான ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அடியிலிருந்த பாதை மூடப்பட்டது.

அதைத் தாண்டிப் போகும் பாதையோரத்தில் வோல் ஆர்ச் என்றொரு வளைவு இருந்தது. அகலம் 21 மீற்றருக்கு மேல், பூங்காவிலுள்ள பெரிய வளைவுகளில் பன்னிரண்டாவது. 2008 ஓகஸ்ட் 4 ஆம் திகதி இரவு, யாரும் பார்க்காத நேரத்தில், அது விழுந்தது. இப்போது கற்குவியல்தான். அந்த வளைவு எப்படி இருந்தது என்று காட்ட மிஞ்சியிருப்பவை அதற்கு முன் அவ்வழியால் போனவர்கள் எடுத்த படங்கள். அவற்றிலும் 'யூட்டாவில் ஏதோ ஒரு வளைவு' என்று பெயரில்லாமல் பெட்டிகளில் கிடப்பவை இருக்கும். யாராவது பெயர் எழுதியவைதான் வோல் ஆர்ச்சின் படங்கள்.

விழுவதெல்லாம் நட்டம் என்றும் இல்லை. 1940 நவம்பரில் ஸ்கைலைன் ஆர்ச்சிலிருந்து ஒரு பெருங்கல் உதிர்ந்தது. அதனால் துவாரம் ஏறத்தாழ இரு மடங்காகியது. இன்று நாம் படம் பிடிப்பது அந்த உதிர்வுக்குப் பிந்திய வளைவை.

படத்தோடு எழுதி வைக்க வேண்டியவை

போகமுன் கமராவின் திகதியையும் நேரத்தையும் அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். ரொறன்ரோவுக்கும் யூட்டாவுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம். கைபேசியில் இருப்பிடப் பதிவைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் போனதும் முதலில் அங்குள்ள பெயர்ப் பலகையை ஒரு படம் எடுங்கள். அடுத்த பலகை வரும் வரை உள்ளவை அந்த வளைவுக்குரியவை. பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் தலைப்புப் போடுவது போலத்தான் இதுவும்.

இரவு விடுதியில் அரை மணி நேரம் ஒதுக்கி ஐந்து விபரங்கள் எழுதுங்கள்: இடம், திகதியும் நேரமும், எந்தத் திசை பார்த்து எடுத்தது, படத்தில் இருப்பவர்களின் முழுப்பெயர், எடுத்தவர் பெயர். 'அம்மா', 'தம்பி' என்று மட்டும் எழுதாதீர்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது யாருடைய அம்மா என்று தெரியாது. நல்லவை இருபதைக் கடதாசியில் அச்சிட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்கும் உறவினரிடம் வையுங்கள். ஒரே அலுமாரியில் எல்லாவற்றையும் வைத்ததன் விலை எங்களிற் பலருக்குத் தெரியும்.

என் அறுநூறில் நானூறுக்கு மட்டும் பெயர் கண்டுபிடித்தேன். மகளும் மகனும் தங்கள் கைபேசிப் படங்களோடு ஒப்பிட்டு உதவினார்கள். மற்றவற்றுக்கு 'தெரியாது' என்றே எழுதினேன். ஊகித்து எழுதிய பதிவைவிட அது மேல்.

அந்த வேலை முடிந்த இரவு, அம்மாவிடமிருந்த அந்த ஒரு படத்தையும் கேட்டு வாங்கினோம். மகள் பென்சிலை எடுத்து, அம்மா சொல்லச் சொல்ல, பின்பக்கத்தில் எழுதினாள்: சுன்னாகம், கடை வாசல். இடப்பக்கம் ஐயா. ஆண்டு, கடைக்குப் புதுக் கதவு போட்ட பிறகு. வலப்பக்கம் நிற்பவர் பெயர் தெரியாது.

"தெரியாது எண்டு எழுதவோ, அப்பம்மா?" என்று அவள் கேட்டாள்.

"எழுது பிள்ளை. தெரிஞ்ச ஆர் கண்ணிலயாவது ஒரு நாள் படும்" என்றார் அம்மா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். தெரிந்தவர் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.